மகளின் திருமணப் பத்திரிகையில் எந்த ஊரை அச்சிடுவது?

#1 | தங்கவயல்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக இந்தத் தளத்தைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

வரும் தை மாதம் என் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் வேலூர்க்காரர்கள். பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து மூன்று நாளைக்கு முன் வந்தது. என் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'கோலார் தங்கவயல், மாரிக்குப்பம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, "அது வேலைக்குப் போன இடம்தானே? சொந்த ஊர் குடியாத்தம் பக்கம் என்றீர்களே, அதைப் போடுங்கள். நம் பக்கத்து மனிதர்கள் என்று படிப்பவர்களுக்குத் தெரியும்" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

தாத்தா 1920களில் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரயிலேறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, மாரிக்குப்பத்தில் இறங்கியவர். அப்பா அங்கே பிறந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பூமிக்கு அடியில் வேலை செய்தார். நானும் அங்கேதான் பிறந்தேன். 1988-இல் சுரங்கத்தில் சேர்ந்தேன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்று எனக்கு முப்பத்தைந்து வயது, கையில் ஒரு குழந்தை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் காலை ரயிலில் பெங்களூரு போய் இரவு ரயிலில் திரும்பி வந்து பிழைத்தேன். வீட்டை மட்டும் மாற்றவில்லை. அப்பா போன வருடம் காலமானார். மாரிக்குப்பத்தில்தான் அடக்கம் செய்தோம்.

நூறு ஆண்டுகளாக வாழ்ந்த இடம் 'வேலைக்குப் போன இடம்' ஆகிவிடுமா? நான் இரண்டு முறை மட்டுமே பார்த்த கிராமம் 'சொந்த ஊர்' ஆகுமா? உங்களை யாராவது கேட்டால் எந்த ஊரைச் சொல்கிறீர்கள்? ஏன் அதைச் சொல்கிறீர்கள்?

#2 | கண்டனூரான்

தம்பி, முதலில் மகளுக்கு என் ஆசிகள்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. கேட்டதால் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் சம்பந்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் நகரத்தார் சமூகத்தில் வெளிநாடு போவதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். என் பாட்டனார் பர்மாவில் கொண்டுவிற்றவர். என் தகப்பனார் பிறந்ததே ரங்கூனில்தான். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஆனாலும் என் தகப்பனாரை யாராவது ரங்கூன்காரர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. மணமான ஒவ்வோர் ஆண்மகனும் அந்தக் கோயிலுக்கு ஒரு புள்ளி, அவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் புள்ளிவரி கட்டுவான். என் மகன் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறான். அவனுடைய திருமணம் எங்கள் வளவில்தான் நடந்தது. அந்த வீட்டில் ஆண்டில் பதினோரு மாதம் யாரும் இல்லை, ஆனாலும் தினமும் மாலையில் விளக்கேற்ற ஓர் ஆளை வைத்திருக்கிறோம்.

ஊர் என்பது நாம் தேர்ந்தெடுப்பது இல்லை, நமக்கு முன்னோர் வைத்துவிட்டுப் போனது. பிழைப்புக்காகப் போன இடங்களையெல்லாம் ஊர் என்று சொல்லத் தொடங்கினால், மூன்று தலைமுறைக்குப் பிறகு பேரப்பிள்ளைக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்காது. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தின் பெயரையே போடுங்கள். குலதெய்வம் அங்கே இருக்குமே?

#3 | யாழினி

என் அப்பா வங்கியில் வேலை பார்த்தார். தர்மபுரி, ஒட்டன்சத்திரம், நாக்பூர், மறுபடியும் தர்மபுரி, பிறகு தூத்துக்குடி என்று மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தோம். எந்த இடத்திலும் ஒரு மாமரம் காய்ப்பதை இரண்டு முறைக்கு மேல் பார்த்தது இல்லை.

நான் 'சொந்த ஊர் எது' என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்வதில்லை. பெங்களூருவில் வாடகைக்கு வீடு தேடியபோது எட்டு வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டார்கள். தர்மபுரி என்றால் 'தர்மபுரியில் எங்கே?' தூத்துக்குடி என்றால் 'அப்பாவின் ஊரும் அதுதானா?' அவர்களுக்கு வேண்டியது ஊர் இல்லை என்று மூன்றாவது வீட்டிலேயே புரிந்துவிட்டது. பெரியவர் குலதெய்வத்தைக் கேட்பது நல்ல எண்ணத்தில்தான் என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வி எல்லோர் வாயிலிருந்தும் நல்ல எண்ணத்தில் வருவதில்லை.

அண்ணா, பத்திரிகையில் ஊரே போடாவிட்டால்தான் என்ன?

#4 | பண்ணவாடிப் பரிசல்

நண்பர் தங்கவயல்காரருக்கு. நீங்கள் போய்ப் பார்க்கவாவது இரண்டு இடங்கள் இருக்கின்றன. எங்கள் ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது.

மேட்டூர் அணையை 1925-இல் கட்டத் தொடங்கி 1934-இல் முடித்தார்கள். நீர் தேங்க வேண்டிய இடத்தில் இருந்த கிராமங்களையெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். என் கொள்ளுத்தாத்தா கதவு, நிலை, உத்திரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கொளத்தூர் பக்கம் மேட்டுக்குப் போனார். அந்த நிலைக்கதவு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்களிடம் இருக்கும் ஊர் அவ்வளவுதான், ஒரு கதவு.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் எழுபது எண்பது அடிக்குக் கீழே இறங்கும் கோடைகளில், பண்ணவாடிப் பரிசல் துறையில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். செய்தித்தாள்களில் படம் போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் நந்திக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். என் பாட்டி உயிரோடு இருந்தவரை அந்த நாட்களில் எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். வெடித்துக் கிடக்கும் வண்டலில் நடந்து, "இது கிணறு, இது களம், இங்கே உன் தாத்தாவின் அப்பா திண்ணை வைத்திருந்தார்" என்று கையால் காட்டுவார். அந்த ஊரில் அவர் வாழ்ந்தது இல்லை. அவருடைய மாமியார் காட்டிக் கொடுத்தது அது.

அணை நிரம்பினால் டெல்டா முழுவதும் கொண்டாடுகிறது. நானும் விவசாயிதான், அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் 120 அடி என்று தொலைக்காட்சியில் அறிவிக்கும்போது, எங்கள் ஊர் இன்று எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போடும். தண்ணீர் குறையும் வருடத்தில்தான் எங்கள் ஊர் எங்களுக்குக் கிடைக்கும். அந்த வருடத்தில் தஞ்சாவூர் வயல் காயும். இதை எப்படி வேண்டிக்கொள்வது?

யாராவது கேட்டால் பண்ணவாடி என்றுதான் சொல்கிறேன். பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டோம். உங்கள் அப்பா எந்த மண்ணில் இருக்கிறாரோ அதைப் போடுங்கள்.

#5 | மலைச்சாரல்

> தண்ணீர் குறையும் வருடத்தில்தான் எங்கள் ஊர் எங்களுக்குக் கிடைக்கும்.

அண்ணா, இந்த வரியைப் படித்ததும் என் பாட்டி பேசுவது போல இருந்தது. அவருடைய ஊரும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, இலங்கையில். மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. வறட்சிக் காலத்தில் பழைய கோயிலின் இடிபாடுகள் மேலே வரும். கோயில் மட்டும் இல்லை, பள்ளிவாசலும் விகாரையும் சேர்ந்தே வரும். பாட்டி பழைய நகரத்தில் சந்தைக்குப் போனவர், புதிய நகரம் எழுவதையும் பார்த்தவர். அதற்குச் சில ஆண்டுகளில் அவருடைய நாடே மாறிவிட்டது.

நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். அரசுக் காகிதங்களில் எங்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கடைத்தெருவில் 'சிலோன்காரர்கள்'. இலங்கையில் இருந்தபோது பாட்டியின் பெயர் 'இந்தியாக்காரி'. அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அவருடைய அம்மா பிறந்ததும் அங்கேதான். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த மீதத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரும் பாட்டியிடம் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் பூர்வீகக் கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் நிரப்ப வேண்டியிருந்ததாம். தாத்தாவுக்குத் தெரிந்தது 'துறையூர்ப் பக்கம்' என்பது மட்டும்தான். தோட்டத்தில் மூத்த ஒருவரிடம் கேட்டு ஒரு கிராமத்தின் பெயரை எழுதினார். 1973-இல் குடும்ப அட்டையும் இரண்டு பெட்டிகளுமாகக் கிளம்பினார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். ஏறுகிறவர்களும் அழுவார்கள், நடைமேடையில் நிற்பவர்களும் அழுவார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்திருந்தது. பாட்டியின் தங்கை அங்கேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு துறையூர். அந்தக் 'சொந்த ஊரில்' நடந்ததைத்தான் கண்டனூர் ஐயா கேட்க வேண்டும். முதல் நாள் சொந்தக்காரர்கள் கோழி அடித்துச் சோறு போட்டார்கள். இரண்டாம் நாள் பழைய சோறு. மூன்றாம் நாள் தாத்தாவை ஓரமாகக் கூப்பிட்டு, "நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். தாத்தா அன்று மாலையே பெட்டிகளைத் தூக்கிவிட்டார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருந்ததே ஒன்றரை ஏக்கர் மானாவாரி.

அதற்குப் பிறகு நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பஸ் மலையேறி முதல் தேயிலைச் செடி கண்ணில் பட்டதும் பாட்டி, "இனி பயமில்லை" என்று சொன்னாராம். அவருக்குத் தெரிந்த மண்வாசனை அது, தெரிந்த குளிர் அது. துறையூர் வெயிலில் அவருக்கு அம்மை போட்டுவிட்டது.

ஐயா, முன்னோர் வைத்துவிட்டுப் போனதுதான் ஊர் என்றீர்கள். எங்களுக்கு முன்னோர் வைத்துவிட்டுப் போன ஊர் மூன்று நாள் சோறு போட்டது. விளக்கேற்ற ஆள் வைக்கும் வசதி உள்ளவர்களுக்குத்தான் அந்த ஊர் காத்திருக்கும். இதைக் கோபத்தில் எழுதவில்லை. பெரியவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

#6 | உரிகத்துப் பெண்

நானும் தங்கவயல்தான். உரிகம். பதினேழு வயதில் பெங்களூருவுக்கு வந்தவள், இப்போது ஐம்பத்திரண்டு வயது.

தங்கவயல்காரன் அண்ணா, நீங்கள் மாரிக்குப்பத்தின் பெயரைப் பத்திரிகையில் போட ஆசைப்படுவது புரிகிறது. என்னால் அது முடியாது. என் அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நாற்பத்தாறு வயதில் நெஞ்சு முழுவதும் கல் தூசியோடு இறந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் படுத்துத் தூங்கியதே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுவார். நான் பத்தாம் வகுப்புப் பாடத்தை அவர் இருமல் சத்தத்தில்தான் படித்தேன்.

ஊரின் நினைவு என்றால் எனக்கு வருவது இவைதான். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேட்டிலிருந்து ஆடிக் காற்றில் கிளம்பி வரும் வெள்ளைத் தூசி. அம்மா சோற்றுப் பானையை ஈரத் துணியால் மூடுவார், அப்படியும் பல்லில் நறநறக்கும். பாறை வெடிப்பு நடந்தால் அலமாரியில் இருக்கும் பாத்திரம் விழும். உடனே எல்லாப் பெண்களும், ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு 'எங்கள் ஊர்' என்று என்னால் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்தார்கள். அம்மாவின் தாலியில் இருந்தது அரைப் பவுன்.

ஆனால் யாராவது அதே ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்லிவிட்டு வெள்ளைக்காரர்களின் பங்களாக்களின் படத்தை மட்டும் போட்டால், எனக்கு ஆத்திரம் வருகிறது. எங்கள் லைன் வீடு எங்கே, தட்டிச் சுவர் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. வெறுக்கிற ஊருக்காக ஏன் சண்டைக்குப் போகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

#7 | நெறியாளர்

இந்த இழையில் ஒருவர் திரு. தங்கவயல்காரனிடம் அவருடைய சாதியை நேரடியாகக் கேட்டு எழுதிய பதிவை நீக்கியிருக்கிறோம். தயவுசெய்து அந்த வழியில் பேச வேண்டாம். இழை தொடரட்டும்.

#8 | தங்கவயல்காரன்

நெறியாளருக்கு நன்றி. அந்தப் பதிவை நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன். மறைக்க எதுவும் இல்லை, நானே சொல்கிறேன். என் தயக்கத்தின் வேரே அதுதான்.

அப்பாவுக்கு எழுபது வயதானபோது, அவருடைய அப்பாவின் ஊரை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். இருவரும் போனோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. தாத்தாவின் பெயரைச் சொல்லி, "இந்த ஊர்க்காரர், ரொம்ப நாளைக்கு முன் தங்கவயலுக்குப் போனவர்" என்றேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தெரு?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து, "வா, போகலாம். இது ஊர். நம் ஆட்கள் இருந்தது ஊரில் இல்லை" என்றார். அரை மைல் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது சேரி. தாத்தா பிறந்த இடம் அது. அங்கே ஒரு மூதாட்டி அப்பாவின் முகத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, தாத்தாவின் தங்கையின் பெயரைச் சரியாகச் சொன்னார். அவர் கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த முறை நான் மட்டும் போனபோது அவர் இல்லை.

கண்டனூர் ஐயா, இப்போது சொல்லுங்கள். தாத்தாவை 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேர்க்காத இடத்தை, அவருடைய கொள்ளுப்பேத்தியின் பத்திரிகையில் 'சொந்த ஊர்' என்று நான் எப்படிப் போடுவேன்? அவர் தங்கவயலுக்குப் போனது கூலிக்காக மட்டும் இல்லை. அந்த வாய்க்காலைத் தாண்டிப் போனார். அங்கேயும் மேல் கீழ் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளத்தைக் கையில் வாங்கினார், செருப்புப் போட்டுக்கொண்டு எல்லாத் தெருவிலும் நடந்தார். இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றார். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு எங்கள் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பிறகு, பிற்காலத்தில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. தாத்தா எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தாள் அதுதான் என்று அப்பா சொல்வார்.

உரிகத்துத் தங்கைக்கு. நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் இருமலைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். என் அப்பா தப்பித்தது அதிர்ஷ்டம். அவருக்குப் பாறை துளைக்கும் வேலை கிடைக்கவில்லை, கூண்டில் பொருள் இறக்கி ஏற்றும் வேலை கிடைத்தது. கிஃபோர்டு ஷாஃப்ட் பகுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய்விட்டார்கள், அங்கே பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். 1965-இல் அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள், வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்ற துகளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உலகத்திலேயே அப்படிக் கண்டவர்களில் முதல் வரிசையில் இருந்தவர்கள். அந்தக் கருவிகளுக்கான இரும்பைக் கூண்டில் இறக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். "என்ன பிடிக்கிறார்கள் என்று கேட்டேன், கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கிறோம் என்றார்கள்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் கொன்றதும் உண்டு, நிமிர வைத்ததும் உண்டு. உங்களுக்குக் கொன்றது முதலில் நினைவு வருகிறது. எனக்கு மற்றது. உங்களைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.

#9 | கண்டனூரான்

தம்பி, நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்தேன். பதில் எழுத இன்று மாலை ஆகிவிட்டது.

'ஊர்' என்ற சொல்லை எழுபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அதற்கு வெளியே ஒரு வாய்க்கால் ஓடுவதை நான் யோசித்தது இல்லை. எங்கள் ஊரிலும் அது இருக்கிறது. நான் குலதெய்வம் பற்றிக் கேட்டது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கலங்குகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். மலைச்சாரல் அம்மா சொன்னதும் சரிதான். எங்கள் வீடு காத்திருப்பதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை, பணமும்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கிராமத்தின் பெயர் உங்கள் வீட்டில் மறக்கப்படக் கூடாது. அச்சில் வேண்டாம். மகளுக்குச் சொல்லி வையுங்கள், வாய்க்காலையும் சேர்த்து.

#10 | யாழினி

அண்ணா, ஊரே போட வேண்டாம் என்று நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நான் மறைக்க விரும்புவது வேறு, உங்கள் அப்பாவின் பெயருக்கு முன்னால் வர வேண்டியது வேறு.

பெரியவரே, நீங்கள் எழுதியதை என் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முதல் முறையாக, தான் ஏன் எந்த மாற்றலையும் மறுக்கவில்லை என்று சொன்னார். அது நீண்ட கதை. வேறு ஒரு நாள் எழுதுகிறேன்.

#11 | மலைச்சாரல்

தங்கவயல்காரன் அண்ணாவுக்கு ஒரு யோசனை. என் திருமணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன் 'மஸ்கெலியா – கோத்தகிரி' என்று இரண்டையும் போட்டோம். துறையூரைப் போடவில்லை. அச்சகத்தில் 'மஸ்கெலியா எந்த மாவட்டம்?' என்று கேட்டார்கள். பாட்டி அருகில் இருந்தார். "அது கடலுக்கு அந்தப் பக்கம், நீங்கள் போடுங்கள்" என்றார்.

பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் போடலாம். பாட்டியின் பெயருக்குப் பின்னால் 'ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளர்' என்று அச்சிட்டோம். மண்டபத்தில் அதைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத நான்கு குடும்பங்கள் வந்து பாட்டியிடம் பேசினார்கள். எல்லோரும் அங்கிருந்து கப்பலில் வந்தவர்கள்.

#12 | பண்ணவாடிப் பரிசல்

அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். தொழிலைப் போடுங்கள். மேட்டூர்த் தண்ணீர் மேலே வந்தாலும் இறங்கினாலும் செய்தியில் வருகிறது. உங்கள் அப்பா போன ஆழம் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

#13 | தங்கவயல்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று முடிவாகிவிட்டது.

சம்பந்தியிடம் நேரில் போய்ப் பேசினேன். டீக்கடைக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் அப்பாவும் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அதை நாங்கள் எந்தப் பத்திரிகையிலும் போட்டது இல்லை" என்றார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாதிரித் தாளை வாங்கி, தன் அப்பாவின் பெயருக்குக் கீழே பேனாவால் 'தோல் பதனிடும் தொழிலாளர்' என்று எழுதினார்.

எங்கள் பக்கத்தில் அச்சாவது இப்படி: 'கோலார் தங்கவயல், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்', அதற்குப் பிறகு அப்பாவின் பெயர். அப்பா இல்லை என்பதால் பெயருக்கு முன் 'அமரர்' என்று சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்திருக்கிறேன். கண்டனூர் ஐயா சொன்னபடி, கிராமத்தின் பெயரை மகளிடம் சொன்னேன். மகள் அந்த மூதாட்டியின் பெயரைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீர்மோர் கொடுத்தவரின் பெயரைக் கேட்காமல் வந்திருக்கிறோம்.

#14 | உரிகத்துப் பெண்

அண்ணா, படித்து அழுதேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் அம்மாவின் காரியத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வந்தேன். அப்பாவின் கல்லறை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லை. திருமணத்துக்கு வந்தால், யாராவது என்னோடு அங்கே வருவார்களா? இடம் எனக்கு அடையாளம் தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

#15 | தங்கவயல்காரன்

வாருங்கள் தங்கச்சி. திருமணம் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். பெங்களூருவிலிருந்து ரயிலில் வந்தால் பங்காருப்பேட்டைக்குப் பிறகு கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியாக மாரிக்குப்பம். உரிகத்தில் இறங்கிவிடாதீர்கள், நேராக மாரிக்குப்பம் வாருங்கள். நானும் என் மனைவியும் நிலையத்தில் நிற்போம். அப்பாவின் பெயரையும் இறந்த ஆண்டையும் தனிமடலில் அனுப்புங்கள். பழைய லைன் ஆட்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், கல்லறைகளை நன்றாகத் தெரியும். நீங்கள் வருவதற்குள் இடத்தைக் கண்டுபிடித்து முள்ளை வெட்டி வைக்கிறோம்.